களத்துக்கும் கல்லூரிக்கும் நடுவே

பண வசதியோ குடும்பத் தொழிலோ பின்புலமாக இல்லாதவர்கள் தங்கள் பிள்ளைகளை முழுநேர விளையாட்டுக்கு அனுப்புவதை இன்றைய நிலையில் தம்மால் பரிந்துரைக்க இயலாது என்ற கருத்தை 2025 பிப்ரவரியில் வெளியிட்டார் புல்லேலா கோபிசந்த். சொன்னவர் விளையாட்டின் மீது கசப்புக் கொண்டவரல்லர். 2001-இல் அகில இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்றவர். ஹைதராபாத் கச்சிபௌலியில் அவர் நடத்தும் பயிற்சிக் கூடம்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாய்னா நெவாலின் வெண்கலத்துக்கும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்துவின் வெள்ளிக்கும் அடித்தளமாக அமைந்தது. வெற்றியின் உச்சத்தைத் தொட்ட ஒருவரே இப்படிச் சொல்ல நேர்ந்தது ஏன் என்று மத்திய, மாநில அரசுகள் யோசித்திருக்க வேண்டும். இரண்டு நாள் விவாதத்துடன் அந்தப் பேச்சு மறக்கப்பட்டுவிட்டது.

கோபிசந்தின் வாழ்க்கையே அந்தக் கருத்துக்கு விளக்கம். தாமும் தம் அண்ணனும் பாட்மின்டன் ஆடிவந்ததையும், அண்ணன் நுழைவுத் தேர்வில் வென்று ஐ.ஐ.டி.க்குச் சென்றதால் ஆட்டத்தைக் கைவிட்டதையும், பொறியியல் தேர்வில் தோற்றுப்போன தாம் ஆட்டக்காரராகவே தொடர்ந்ததையும் பொது மேடைகளில் அவர் பலமுறை கூறியிருக்கிறார். கேட்பவர்கள் சிரித்துக் கைதட்டுவார்கள். ஆனால், இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? நன்றாகப் படித்ததால் ஒரு ஆட்டக்காரரை நாடு இழந்தது. தேர்வில் தோற்றதால் ஒரு சாம்பியனைப் பெற்றது. படிப்பும் விளையாட்டும் ஒரே மாணவனிடம் சேர்ந்திருக்க வழியே இல்லாத கல்வி முறையின் மீதான குற்றப்பத்திரிகை அது.

பள்ளியில் சிறந்து விளங்கும் ஒரு விளையாட்டு வீரர், விளையாட்டு வீரராகவே கல்லூரிக்குள் நுழைவது எப்படி என்பதுதான் கேள்வி. பதினாறு வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள் விடை காண வேண்டிய கேள்வி இது. அந்த வயதில் எடுக்கும் முடிவுதான் ஒருவர் தொடர்ந்து ஓடுவாரா, காலணியைக் கழற்றி வைத்துவிடுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தியாவில் ஏராளமான குடும்பங்கள் இந்த முடிவை வழிகாட்டுதல் ஏதுமின்றி, அக்கம்பக்கத்தாரின் பேச்சைக் கேட்டே எடுக்கின்றன.

ஹைதராபாதுக்கு ஒரு காலத்தில் இதற்கென ஒரு வழி இருந்தது. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய சையது அப்துல் ரஹீம் 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல் அணியின் பயிற்றுநரானார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வென்றது. அவரது பயிற்சியில்தான் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் கால்பந்தில் நான்காம் இடமும், 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கமும் பெற்றது. தெருவிலும் பள்ளி மைதானத்திலும் சிறுவர்களைக் கவனித்து, அழைத்துவந்து, ஆடவைத்து, அவர்களுக்குச் சோறு போடும் வேலைக்கும் வழிசெய்த ஏற்பாடு அது.

செகந்திராபாதை அடுத்த அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமை அடையாளம் கண்டவர் ரஹீம்தான். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய பலராம், 2023 பிப்ரவரியில் மறைந்தார். ஹைதராபாதில் பிறந்த மற்றொருவரான கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜை வளர்த்தெடுத்தது ராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவு. சிந்துவின் பெற்றோர் இருவரும் கைப்பந்து வீரர்கள். இருவருக்கும் வாழ்வளித்தது ரயில்வே. ஹைதராபாதில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணான மிதாலி ராஜ் 1999-இல் தமது முதல் ஒருநாள் போட்டியிலேயே 16 வயதில் சதமடித்தார். அவரையும் ரயில்வேதான் ஏற்றுக்கொண்டது. காவல் துறை, ராணுவம், ரயில்வே, வங்கி என்று வேலை தரும் நிறுவனங்களே அன்று ஆட்டக்காரர்களைத் தேடிப் போயின.

கல்லூரிகளும் அன்று சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ரோஹிண்டன் பாரியா கிரிக்கெட் கோப்பை 1935-இல் தொடங்கியது. 1887-இல் நிறுவப்பட்ட நிஜாம் கல்லூரியின் மைதானம், ஹைதராபாத் கிரிக்கெட்டின் நாற்றங்காலாக விளங்கியது. தமது முதல் மூன்று டெஸ்ட் போட்டிகளிலும் சதமடித்து 1984-85-இல் உலகை வியக்கவைத்த முகமது அசாருதீன் அந்தக் கல்லூரியின் மாணவர்தான். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், மாநில அணி, நாடு என்ற படிக்கட்டு அன்று கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று அந்தப் படிக்கட்டு சிதிலமடைந்திருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களில் ஆள்சேர்ப்பு சுருங்கியதும் விளையாட்டு வீரர்களுக்கான வேலைகளும் சுருங்கின. உலக சாம்பியன் நிகத் ஜரீனுக்கும் கிரிக்கெட் வீரர் முகமது சிராஜுக்கும் 2024-இல் தெலங்கானா அரசு காவல் துறை துணைக் கண்காணிப்பாளர் பதவி வழங்கியது. பாராட்டத்தக்க செயல்தான். ஆனால், அது சிகரம் தொட்டவர்களுக்கான பரிசு. மாநில அளவில் நான்காவதாக வரும் பதினேழு வயதுச் சிறுமிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அவளுக்குத் தேவை, ஆடிக்கொண்டே படிக்க ஓர் இடம். அதைத் தரக்கூடியது கல்லூரி மட்டுமே.

தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் இந்தச் சிக்கல் கூடுதல் கடுமையானது. அங்கே பத்தாம் வகுப்புடன் பள்ளி முடிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு ஆண்டு இன்டர்மீடியட் படிப்பு தனி வாரியத்தின்கீழ், தனி ஜூனியர் கல்லூரிகளில் நடக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் மாணவர் தமது பள்ளி மைதானத்தையும், ஆண்டுக்கணக்கில் தம்மை அறிந்த உடற்கல்வி ஆசிரியரையும், தம்முடன் ஆடிய அணியையும் ஒரே நாளில் இழக்கிறார். சேரும் இடமோ, பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இயங்கும் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கூடம். காலை முதல் இரவு வரை வகுப்பு. விடுதியில் தங்கினால் ஞாயிறும் தேர்வு. மைதானம் என்ற ஒன்று அங்கே இருப்பதில்லை. வளரும் வீரர்களின் உடலும் திறனும் உறுதிப்படும் இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிகின்றன.

தமிழகத்தில் 1978 முதல் மேல்நிலைக் கல்வி பள்ளியுடனேயே இணைந்திருப்பதால் இந்த முறிவு ஓரளவு தவிர்க்கப்பட்டிருக்கிறது. அங்கும் பிளஸ் 2 வகுப்பில் விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் தாரைவார்ப்பது வழக்கமாகிவிட்டது என்பது வேறு விஷயம். ஹைதராபாதை ஒட்டிய ஹக்கிம்பேட்டையில் அரசு நடத்தும் விளையாட்டுப் பள்ளி போன்றவை விதிவிலக்குகள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் உள்ள ஒரு மாநிலத்துக்கு அவை எப்படிப் போதும்?

இரண்டு ஆண்டு இடைவெளியைத் தாண்டி வந்தவருக்குக் கல்லூரி வாசலில் காத்திருப்பது விளையாட்டு ஒதுக்கீடு. பொறியியல் போன்ற தொழிற்கல்விகளில் தெலங்கானாவில் அது 0.5 சதவீதம், அதாவது 200 இடங்களுக்கு ஒன்று. அதற்கும் நுழைவுத் தேர்வை எழுதித் தகுதி பெற வேண்டும். பிறகு பள்ளி, மாநில, தேசியப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்கள் தரவரிசைப்படுத்தப்படுகின்றன. எந்தச் சம்மேளனம் அங்கீகாரம் பெற்றது, எந்தப் போட்டி எந்தப் பிரிவில் வரும், குழு ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவருக்கு என்ன மதிப்பு என்பவை எல்லாம் சான்றிதழைச் சுற்றியே நடக்கும் வழக்குகள். மாணவரின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த ஒருவரும் இந்த நடைமுறையில் இருப்பதில்லை.

காகிதத்துக்கு மதிப்பு வந்தால் காகிதத்துக்கு விலையும் வரும். மருத்துவப் படிப்புக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் முறைகேடு என்று தெலங்கானாவில் 2017-இல் எழுந்த புகார்கள் ஊழல் தடுப்புத் துறையின் விசாரணை வரை சென்றன. பல ஆண்டுகள் வெயிலில் ஓடிய மாணவரின் இடத்தை, குறுக்கு வழியில் பெற்ற ஒரு சான்றிதழ் பறித்துக்கொள்ள முடியும் என்றால், அந்த ஒதுக்கீடு யாருக்காக?

அதைவிட வருந்தத்தக்கது, இடம் கிடைத்த பிறகு நடப்பது. சேர்க்கைக்குப் பின் அந்த மாணவர் தொடர்ந்து ஆடுகிறாரா என்று கேட்பாரில்லை. அவரது ஆட்டத்துக்குக் கல்லூரியில் பயிற்றுநர் இருக்கிறாரா என்று சேர்க்கும்போதும் பார்ப்பதில்லை. நீச்சல் வீரரைச் சேர்க்கும் கல்லூரியில் நீச்சல் குளம் இருக்காது. போட்டிக்குச் சென்றுவந்தால் வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போகும். விளையாட்டு அந்த மாணவருக்குக் கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டு, அந்த வாசலிலேயே முடிந்துபோகிறது.

இந்தப் பின்னணியில்தான் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு கவனத்துக்குரியது. சண்டீகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரி, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேருவோரும் பிளஸ் 2 தேர்வில் 75 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த நிபந்தனையை ரத்து செய்தது. விளையாட்டை ஊக்குவிப்பதே இந்த ஒதுக்கீட்டின் நோக்கம். பொதுப் பிரிவினருக்குரிய அதே மதிப்பெண் வரம்பை வீரர்கள் மீதும் சுமத்துவது அந்த நோக்கத்தையே சிதைக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இதே போன்ற நிபந்தனைகளை வைத்திருக்கும் மற்றக் கல்வி நிறுவனங்கள் அந்தத் தீர்ப்பைத் தாமாகவே படித்துத் திருந்தியிருக்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டில் ஒரு புதிய வழியைத் திறந்தது. ஒவ்வொரு இளநிலைப் பாடப்பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்கள். அவற்றில் ஒன்று மாணவியருக்கு. கடந்த நான்கு ஆண்டுகளில் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஒரு பதக்கமேனும் பெற்றிருக்க வேண்டும், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்விலும் தகுதி பெற்றிருக்க வேண்டும். கோபிசந்தும் அவர் அண்ணனும் மாணவர்களாக இருந்த காலத்தில் இப்படியொரு வாய்ப்பு இருந்திருந்தால் இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டிய நெருக்கடி குறைந்திருக்கும். என்றாலும், நாட்டின் மிகக் கடினமான தேர்வையும் வென்று, தேசியப் பதக்கமும் பெறும் மாணவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். பெரும்பாலான வீரர்களின் எதிர்காலம் கலை, அறிவியல், வணிகவியல் கல்லூரிகளில்தான் இருக்கிறது.

தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அதற்கு அப்பால், சென்னையில் உள்ள சில தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மாநிலப் போட்டிகளுக்குத் தங்கள் உடற்கல்வி இயக்குநர்களை அனுப்பி, திறமையானவர்களை நேரில் கண்டு, கட்டணச் சலுகை, விடுதி, உணவு என்று உறுதியளித்து அழைத்துவருகின்றன. இந்தியாவில் உண்மையான ஆள்தேர்வு என்று சொல்லத்தக்கது இதுதான். ஆனால், அந்த உறுதிமொழிகள் பெரும்பாலும் வாய்மொழியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாம் ஆண்டில் முழங்கால் காயமடைந்தால் விடுதி அறை நீடிக்குமா? கட்டணச் சலுகை தொடருமா? எழுத்தில் இல்லாத வாக்குறுதியை எந்த மன்றத்தில் கேட்பது?

இதில் அமெரிக்காவிடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. எச்சரிக்கை பெறவும் இருக்கிறது. அங்கே பயிற்றுநர்தான் மாணவரைத் தேடி வருகிறார். பெரும்பாலான ஆட்டங்களில், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஜூன் 15-ஆம் தேதிக்கு முன்பு முதல்நிலைக் கல்லூரிகளின் பயிற்றுநர் அவரிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி தடுக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களைக் குறைந்தபட்சத் தரத்துடன் முடிக்காதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் களமிறங்க முடியாது. உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பது ஒப்பந்தமாகக் கையெழுத்திடப்படுகிறது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், மாணவியருக்கும் விளையாட்டில் சமவாய்ப்பு தரக் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது.

அந்த வழியில் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரை தில்லி நன்கறியும். தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சர்தார் படேல் வித்யாலயாவில் படித்த தேஜஸ்வின் சங்கர், 2016 நவம்பரில் கோவையில் நடந்த தேசிய இளையோர் தடகளப் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டி உயரம் தாண்டுதலில் தேசிய சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 17. அடுத்த ஆண்டே கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் அவரை உதவித்தொகையுடன் சேர்த்துக்கொண்டது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான சாம்பியன் பட்டத்தை வென்றார். படித்துப் பட்டமும் பெற்றார். தேசிய சாதனையாளர் ஒருவருக்குப் படிப்பையும் பயிற்சியையும் சேர்த்துத் தர ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் முன்வந்தது. அவருக்கு இணையான ஏற்பாட்டைச் செய்துதர இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஏன் இயலவில்லை?

அதன் பிறகு நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 2022 ஜூனில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான தடகளப் போட்டியில், அதே நாள்களில் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் போட்டி நடந்ததால், அவர் பங்கேற்கவில்லை. அமெரிக்கப் போட்டியில் தகுதி அளவான 2.27 மீட்டரைத் தாண்டியிருந்தும் காமன்வெல்த் போட்டிக்கான அணியில் அவர் பெயர் விடுபட்டது. தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே, கடைசி நேரத்தில் அவருக்கு வழி பிறந்தது. பர்மிங்காமில் அவர் வென்ற வெண்கலம், காமன்வெல்த் போட்டி உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். கல்லூரி விளையாட்டை ஒரு பொருட்டாகவே கருதாத சம்மேளனங்களின் மனநிலைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நட வேண்டும் என்பதல்ல. அங்கே கல்லூரி விளையாட்டு பெரும் வணிகமாகிவிட்டது. நீண்ட வழக்கின் முடிவில், 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகியிருக்கிறது. தொலைக்காட்சி வருவாய் தராத ஆட்டங்களின் கதி என்னவாகும் என்ற கவலை அங்கேயே எழுந்துள்ளது. பின்பற்ற வேண்டியது அவர்களுடைய பணத்தை அல்ல. தேடிச் செல்லும் வழக்கத்தையும், எழுதித் தரும் நேர்மையையும், படிப்பில் விட்டுக்கொடுக்காத கட்டுப்பாட்டையும்தான்.

இந்தியாவில் இதற்கான அமைப்புகள் இல்லாமலில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நூறாண்டு கண்டது. விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மௌலானா ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கின. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் அளவுக்கு உதவி ஒதுக்கப்படுகிறது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தெலங்கானாவும் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. 2002 தேசிய விளையாட்டுக்கும் 2003 ஆப்பிரிக்க - ஆசிய விளையாட்டுக்கும் எழுப்பிய அரங்குகள் ஹைதராபாதில் நிற்கின்றன. அரங்கும் நிதியும் கொள்கையும் இருந்தும், பள்ளியையும் கல்லூரியையும் இணைக்கும் பாலம் மட்டும் கட்டப்படவில்லை.

அந்தப் பாலத்துக்குப் பெரும் செலவு தேவையில்லை. முதலாவதாக, விளையாட்டு ஒதுக்கீடு வைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியும், எந்தெந்த ஆட்டங்களுக்குப் பயிற்றுநரும் களமும் உள்ளன, எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் எங்கே ஆடினார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, சான்றிதழுடன் களத்தேர்வும் கட்டாயமாக்கப்பட்டு, அது ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, கட்டணம், விடுதி, உணவு, காயமுற்றால் சிகிச்சை ஆகியவை குறித்த உறுதிமொழி எழுத்து வடிவில் தரப்பட வேண்டும். காயமடைந்தவரைப் பாதியில் கைவிடக் கூடாது.

நான்காவதாக, ஜூனியர் கல்லூரிகளுக்கு அனுமதி புதுப்பிக்கும்போது மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் உண்டா என்று வாரியம் நேரில் பார்க்க வேண்டும். இடமில்லாதவை அருகிலுள்ள அரசு மைதானத்தைப் பயன்படுத்த நேரம் ஒதுக்க வேண்டும். ஐந்தாவதாக, போட்டிக்குச் செல்வோருக்கு வருகைப் பதிவில் விலக்கும் மறுதேர்வும் உரிமையாக்கப்பட வேண்டும். 2018-இல் காமன்வெல்த் போட்டியில் 15 வயதில் தங்கம் வென்ற துப்பாக்கிச் சுடும் வீரர் அனீஷ் பன்வாலாவுக்காக பத்தாம் வகுப்புத் தேர்வைப் பின்னர் நடத்தியது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். வாரியத்துக்கு முடிந்தது பல்கலைக்கழகங்களுக்கு முடியாதா?

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் கடமை உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அதிகாரபூர்வ முடிவுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். போட்டியை நடத்தும் சம்மேளனம் அங்கீகாரம் பெற்றதுதானா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதன் மைதானத்தையும் பயிற்றுநரையும் பார்க்க வேண்டும். படிப்பைக் கைவிடச் சொல்லும் பயிற்றுநரையும், ஆட்டத்தைக் கைவிடச் சொல்லும் கல்லூரியையும் ஒரேயளவு ஐயத்துடன் அணுக வேண்டும்.

ஏழைக்கும் நடுத்தர வகுப்பினருக்கும் விளையாட்டு ஏற்றதல்ல என்று ஒரு சாம்பியன் சொல்வது, நாட்டின் விளையாட்டுக் கொள்கைக்குத் தரப்பட்ட மதிப்பெண். அதை மாற்ற இன்னொரு அரங்கமோ இன்னொரு பரிசளிப்பு விழாவோ உதவாது. தோற்றாலும் கையில் ஒரு பட்டம் மிஞ்சும் என்ற உறுதி கிடைத்தால், மகளைக் களத்துக்கு அனுப்ப எந்தத் தாயும் தயங்கமாட்டாள். அந்த உறுதியைத் தரும் கடமையைக் கல்லூரிகள் ஏற்க வேண்டும். ஏற்கும்படி அரசுகள் செய்ய வேண்டும்.